மலை மேல் ஓடுகிற வண்டிக்குக் கூலர் எதற்கு?

இங்கே நான் நலம். வண்டியும் நலம், நீ மாட்டிவைத்ததைக் கழற்றி எறிந்த பிறகு நலம். உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. அதற்குத்தான் இப்போது உனக்கு மாமனார் வீடு இருக்கிறது. சேலத்தில் போய் இறங்கின நாளாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஒரு இரும்புச் சாமானுக்காக எங்கம்மா கல்யாணமான மாசமே எங்கள ஊட்ட உட்டுத் தொரத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். நீ அங்கே சொன்னது மறுநாள் காலை பஸ்ஸிலேயே இங்கே வந்து இறங்கிவிடுகிறது. ஊரைக் கூட்டிச் சொன்னவனுக்கு நான் மட்டும் எதற்கு ரகசியமாகப் பதில் எழுத வேண்டும்? அதனால் இந்த உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். முதலில் ஒண்டிக்கடை முக்கில் டீக்கடை பெஞ்சில் கிடக்கட்டும். படிக்கத் தெரிந்தவர்கள் படித்து, தெரியாதவர்களுக்கும் சொல்லி முடித்த பிறகு, சேலம் பஸ் கண்டக்டர் கையில் உனக்கு வந்து சேரட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உன் மாமனாரையும் சபைப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து வண்டியை எடுத்துப்போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாய். வருவதற்கு முன்னால் இதைப் படி. கூட வருகிறவர்களும் படித்துவிட்டே பஸ் ஏறட்டும்.

முதலில், அது இரும்பு இல்லை, பித்தளை. டிரைவர் என்று மார் தட்டிக்கொள்கிறவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. ஊரார் படிக்கப் போவதால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வால்வு இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்பார்கள். இஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அது கதவைச் சாத்திக்கொள்ளும். தண்ணீர் வெளியே போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். போதுமான சூடு வந்ததும் கதவு தானாகத் திறந்து, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். எந்தச் சூட்டில் திறக்கும் என்பதை அதன் மேலேயே அடித்திருப்பார்கள். நம் டீசல் பிக்கப்புக்குக் கம்பெனியில் வைத்தது எண்பத்திரண்டு டிகிரி. நீ எனக்குச் சொல்லாமல் வாங்கி மாட்டியது எழுபத்தொன்று. கடைக்காரர்கள் அதற்குக் கூலர் தெர்மோஸ்டாட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே கதவைத் திறந்துவிட்டு இஞ்சினைக் குளிர வைக்கிற சாமான். மார்கழிப் பனி தை முடிகிற வரைக்கும் விலகாத இந்த ஊரில், விடிந்தும் விடியாமல் தலைச்சோலை, கொட்டச்சேடு கிராமங்களுக்குப் போய்க் காப்பிப் பழம் பறிக்கிற ஆட்களை ஏற்றுகிற வண்டிக்குக் குளிர்ச்சி எதற்கு? இதைத்தான் நான் உன்னிடம் கேட்டேன். நீ என்ன பதில் சொன்னாய் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சூடு என்றாலே கெடுதல் என்கிற நினைப்பு நம் ஜனங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கண் எரிந்தால் சூடு, வயிறு கடுத்தால் சூடு, பிள்ளை அழுதால்கூடச் சூடு. எண்ணெய் தேய்த்துக் குளி, வெந்தயத்தை முழுங்கு, மோரைக் குடி. உன் அப்பாவும் அப்படித்தான். எஸ்டேட்டில் வேண்டாம் என்று கழித்த இந்தப் பிக்கப்பை அவர் வாங்கி ஓட்டத் தொடங்கிய புதிதில், அடிவாரத்தில் லோடு ஏற்றிக்கொண்டு வந்தால் பாதி மலைக்குள் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விடும். மற்ற வண்டிகளில் கிளீனர் என்று யாராவது சம்பளத்துக்கு இருப்பார்கள். உன் அப்பாவுக்குக் கட்டின பெண்டாட்டியே கிளீனர். கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் போடுவதும், இஞ்சின் ஆறக் காத்திருந்து முந்தானையைச் சுருட்டிப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் என் வேலை. "இதுக்கு ஒடம்புச் சூடு புள்ள. அந்தத் தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறிஞ்சாத் தன்னால எறங்கிரும்" என்று யாரோ சொன்னதை நம்பி, உன் அப்பா அதைக் கழற்றி அடுப்பங்கரை ஆணியில் மாட்டிவிட்டார். கதவே இல்லாத இஞ்சின். அந்தக் குளிர்காலம் முழுவதும் வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கியது. பின்னால் நின்றுகொண்டு வருகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் வைதார்கள். டீசல் சரியாக எரியாமல் ஆயில் கெட்டுப்போய், கம்பியை விட்டு எடுத்துப் பார்த்தால் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. சரி, மலை ஏறும்போதாவது சூடு குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. முள் அதே சிவப்பில்தான் போய் நின்றது.

கடைசியில் ஒரு நாள் உன் அப்பா ரேடியேட்டரை இறக்கி வாசலில் போட்டார். நான் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். எனக்கு அப்போது இஞ்சின் தெரியாது, ஆனால் வெந்நீர் அண்டாவைத் தெரியும். உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு, அதே நிறம். "ஏனுங்க, இது சூடும் இல்ல கீடும் இல்லீங்க. அடிவாரத்துல போர்த் தண்ணி புடிச்சு ஊத்தறீங்கல்ல, அந்த உப்புங்க இது. தண்ணி போறதுக்கே தடமில்லீங்க" என்றேன். அவர் எட்டிப் பார்த்தார், விரலால் சுரண்டினார், நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இத்தன நாளா எங்கடி போன நீ?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு நன்றி சொல்லத் தெரியாது, இப்படித்தான் சொல்வார். ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணி, ஆணியில் கிடந்த தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினதும் வண்டிக்கு வந்த நோய் போய்விட்டது. அன்றிலிருந்து நம் வண்டிக்கு மலை ஊற்றுத் தண்ணீர்தான், கீழே போகும்போதும் கேனில் பிடித்துக்கொண்டுதான் போவோம். உன் மாமனாருக்கும் இதைச் சொல். கதவைச் சீக்கிரம் திறந்துவைத்தால் மட்டும் வீடு பெரிதாகிவிடாது. ரேடியேட்டர் அடைத்துக் கிடந்தால் எழுபத்தொன்று போட்டாலும் கொதிக்கும். நன்றாக இருந்தால் சேலத்துச் சித்திரை வெயிலிலும் எண்பத்திரண்டே போதும். இது அவருக்கு இலவசமாகச் சொல்கிற புத்தி. பெண்ணைக் கொடுத்திருக்கிறார், இதுகூடச் சொல்லாவிட்டால் எப்படி?

அப்பா கண்ணை மூடின பிறகு நீ ஸ்டியரிங்கைப் பிடித்தாய். நன்றாகத்தான் ஓட்டினாய், இல்லை என்று சொல்ல மாட்டேன். இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற திமிர் ஒன்றைத் தவிர உன் ஓட்டத்தில் குறை இல்லை. குறை உன் வாயில்தான். எதையும் நேராகச் சொல்ல உனக்கு வராது. எல்லாவற்றையும் வண்டியின் மேல் போட்டுச் சொல்வாய். உன் காதல் முழுவதும் எனக்கு வண்டிக்கு வந்த வியாதியாகத்தான் தெரியும். சேலத்துக்குக் காய்கறி லோடு இறக்கப் போனவன் பொழுது சாய்ந்து வந்து, "ஃபேன் பெல்ட் அறுந்துபோச்சுங்கம்மா" என்பாய். அடுத்த வாரம் "செல்ஃப் எடுக்கலீங்கம்மா." அதற்கடுத்த வாரம் "பங்ச்சருங்கம்மா. ஸ்டெப்னியும் பங்ச்சருங்கம்மா." நான் மறுநாள் பானெட்டைத் திறந்து பார்ப்பேன். புதிதாக மாட்டினதாகச் சொன்ன பெல்ட்டில் பழைய தூசி அப்படியே இருக்கும். சேலத்தில் எந்த பெல்ட் பவுடர் போட்டு, பூ வைத்து, ஜெபக்கூட்டத்துக்கு வருகிறது என்று எனக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். வண்டி ஆறு மாதம் அப்படி நோயில் கிடந்த பிறகு, நானே சேலம் போய் எஸ்தரைப் பெண் கேட்டேன். அவளுடைய அப்பா என் எதிரில்தான் உன்னைக் கேட்டார், "ஏனுங்க மாப்ள, மலை மேலயே இருந்துக்குவீங்களா, இல்ல கீழ வந்துருவீங்களா?" என்று. "எங்கம்மாவத் தனியா உட்டுட்டு நான் எங்கீங்க வரப்போறேன்" என்றாய். அத்தனை பேர் முன்னால் நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு அவமானமாக இருக்கிறது.

கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த அடுத்த வாரம் அது. காலையில் வழக்கம் போல் நான் உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கொட்டச்சேட்டுப் பாதையில் பனி கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டிருந்தது. நம் வண்டியின் முள் எந்த இடத்தில் எங்கே நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போது அது நடுவுக்கு வந்து உட்கார வேண்டும். அன்றைக்கு அது கீழேயே படுத்துக் கிடந்தது. கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தால் அதே பழைய வெள்ளைப் புகை. "என்ன சாமி, முள் எந்திரிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "புதுசு மாத்துனேனுங்கம்மா. கூலர் தெர்மோஸ்டாட்டு. வண்டி நொம்பச் சூடாவுது" என்றாய். எங்கேயடா சூடாகிறது? அன்றைக்கு முந்தின வாரம்தான் அடிவாரத்திலிருந்து கல்யாணச் சாமானை ஏற்றிக்கொண்டு வந்தோம், முள் சிவப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மலை மேல ஓடற வண்டிக்கு எதுக்குடா கூலர்?" என்றேன். "ஏத்தத்துல நல்லதுங்கம்மா" என்றாய். நீ மறுபடியும் வண்டியின் மேல் போட்டு எதையோ சொல்கிறாய் என்று தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் நீ பஸ்ஸில் சேலம் போனாய். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாய். அந்த மனிதருக்கு வந்ததும் பெல்ட் அறுந்த வியாதிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நீ போனதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் உன் எழுபத்தொன்றைக் கழற்றினேன். பழையது டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. எது எப்போது திறக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, இரண்டையும் நூலில் கட்டிச் சோற்றுப் பானையில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். எஸ்தர் என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள். வந்த வாரமே மாமியார் வண்டிச் சாமானை வேக வைக்கிறாளே என்று அந்தப் பெண் பயந்திருக்க வேண்டும். தண்ணீரில் லேசாக ஆவி எழும்பியதுமே உன் சாமான் வாயைத் திறந்துவிட்டது. பழையது அசையவில்லை. தண்ணீர் அடியிலிருந்து குமிழ் விட்டு, இனிக் கொதித்துவிடும் என்கிற நேரத்தில்தான் அது மெதுவாகத் திறந்தது. "பாத்தியா கண்ணு, இது எவ்வளவு பொறுமையா இருக்குதுன்னு" என்று சொன்னேன். எஸ்தர் சிரித்தாள். சிரித்துவிட்டு, "ஆனா அத்த, கீழ ஓட்டறதுக்கு அந்தப் புதுசுதான் நல்லதுன்னு எங்கப்பா சொன்னாருங்க" என்றாள். கீழே யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துப் போனது. "பழம் பறிச்சு முடிஞ்சதும் நாங்க கீழ போயிடறோம்னு… உங்ககிட்டச் சொல்லிட்டதா, நீங்களும் சரின்னுட்டதா அவருதானுங்க அத்த சொன்னாரு." அடுப்பை நான் அணைக்கவில்லை. தண்ணீர் பொங்கி வழிந்து தானாகவே அணைந்தது.

கட்டி ஒரு மாதம் ஆகாத பெண்டாட்டியிடமும் பொய் சொல்லியிருக்கிறாய். அம்மாவிடம் சொல்கிற பொய்யை அம்மா பொறுப்பாள் என்று வைத்துக்கொள்வோம். பெண்டாட்டியிடம் சொல்கிற பொய்க்கு அவள் ஒரு நாள் கணக்குக் கேட்பாள். ஆத்திரத்தில் சொல்கிறேன் என்றாலும் நல்லதற்குத்தான் சொல்கிறேன், அவளிடம் இனி எதையும் வண்டியின் மேல் போட்டுச் சொல்லாதே. அவளுக்கு வண்டி தெரியாது, ஆனால் உன் முகம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

அதற்கு மேல் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு சாமானையும் முந்தானையில் முடிந்துகொண்டு ஒண்டிக்கடைக்கு நடந்தேன். மெக்கானிக் பழனி உன் அப்பா காலத்திலிருந்து நமக்கு வேலை செய்கிறவன். எழுபத்தொன்றை அவன் கையில் வைத்து, "இத நீதான் குடுத்தியா?" என்றேன். "நாந்தானுங்கக்கா. ரெண்டையும் எடுத்து முன்னால வெச்சேன். எதுங்ணா நல்லதுன்னு தம்பி கேட்டுச்சு. வண்டி எங்கப்பா ஓடப்போவுது, மேலயா கீழயான்னு கேட்டேன். அத வெச்சுத்தானுங்களே சொல்ல முடியும்? சேலத்துலதானுங்கண்ணா, இனிமே மலை ஏத்தமே கெடையாதுன்னுச்சு. அப்பச் சரி, இதையே எடுத்துக்கோன்னு குடுத்தேன்" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, ஒங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டான். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நானும் அன்றைக்கு ஒரு பொய் சொன்னேன், உன் மானத்தைக் காப்பாற்ற. யோசித்துப் பார். பெற்றவள் கேட்டாள், பொய் சொன்னாய். கட்டினவள் கேட்டாள், பொய் சொன்னாய். மெக்கானிக் கேட்டதும் உண்மை வந்துவிட்டது. ஏனென்றால் அவனிடம் பொய் சொன்னால் தவறான சாமானைக் கொடுத்துவிடுவான். எங்களிடம் பொய் சொன்னால் உனக்கு என்ன நஷ்டம்? அம்மாதானே, பெண்டாட்டிதானே என்று நினைத்தாய்.

வீட்டுக்கு வந்து எண்பத்திரண்டைத் திரும்ப மாட்டினேன். பேக்கிங் வைத்து, போல்ட்டை முடுக்கி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி ஒழுகுகிறதா என்று பார்த்தேன். சாயங்காலம் நீ வந்தாய். நடந்ததை ஊருக்கு உன் வாயால் சொல்லியிருக்கிறாய், என் கையால் எழுதுகிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். நான் சத்தம் போடவே இல்லை. "எப்பச் சொல்லலாம்னு இருந்த?" என்று மட்டும் கேட்டேன். "பழம் பறிச்சு முடியட்டும்னுங்கம்மா" என்றாய். "முடிஞ்சதும்? ஒரு நா காலைல ஆள் ஏத்தப் போற மாதிரி எடுத்துக்கிட்டு அப்படியே எறங்கிருப்ப, அதான?" என்றேன். இல்லை என்று சொல்வாய் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தரையைப் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் நான் கத்தினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். கோடி வீட்டுக்காரர்கள் வரைக்கும் கேட்டிருக்கும். "நீங்களும் கீழ வந்துருங்கம்மா. மாமா வண்டிக்கு வேல பாத்து வெச்சிருக்காரு" என்றாய். அடிவாரத்துக்குக் கீழே யார் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்து, யார் கொடுக்கிற காப்பியைக் குடிக்க? இங்கே என்னை நம்பி ஆட்களை அனுப்புகிற, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டருக்கு என்ன பதில் சொல்ல? "ஒரு சாமானுக்கு இந்தக் கத்துக் கத்தறீங்க. வண்டிக்கில்ல, ஒங்களுக்குத்தான் நொம்பச் சூடு" என்றாய். இருக்கட்டும். அந்தச் சூட்டில்தான் நீ வளர்ந்தாய்.

துரத்தினேன் என்கிறாயே, நான் சொன்ன வார்த்தை இதுதான்: "போறதுன்னாப் போ. வண்டிய உட்டுட்டுப் போ." அதற்கு நீ சொன்ன வார்த்தையை ஊரில் யாருக்காவது சொன்னாயா? நான் சொல்கிறேன். "வண்டி இல்லீன்னா எனக்கு இந்த ஊட்டுல என்னங்க வேல?" என்றாய். எஸ்தர்கூட உன்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையோடுதான் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். அந்தப் பெண் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வரேனுங்க அத்த" என்று சொன்னாள். உனக்கு அதுவும் வரவில்லை.

நீ போனால் வண்டி வாசலில் துருப்பிடித்து நிற்கும், நானே கூப்பிட்டனுப்புவேன் என்று நினைத்திருப்பாய். வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. நான்தான் ஓட்டுகிறேன். உன் அப்பா இருக்கும்போதே எஸ்டேட் பாதைகளில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், லைசென்சும் எடுத்து வைக்கச் சொன்னார். அவருக்குப் பிறகு நீ ஓட்ட ஆரம்பித்ததால் நான் பக்கத்து சீட்டிலேயே இருந்துகொண்டேன், அவ்வளவுதான். முதல் நாள் தலைச்சோலையில் போய் நிறுத்தினபோது பெண்கள் ஏறாமல் நின்று பார்த்தார்கள். அவர்களில் செல்வி மட்டும் பக்கத்தில் வந்து, "ஏனுங்கக்கா, பிரேக்கு எதுன்னு தெரியுமுங்களா?" என்று கேட்டாள். "ஏறுடி. தெரியலீன்னா நீ வந்து காட்டு" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பனியில் முன்னால் பத்தடி தெரியவில்லை, முதல் வளைவில் இஞ்சின் ஆஃப் ஆகிப்போனது. பின்னாலிருந்து யாரோ வேதக் கோவில் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். பயத்தில் பாடினார்களா கேலிக்குப் பாடினார்களா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. எஸ்டேட் கேட்டுக்குப் போனபோது முள் நடுவில் இருந்தது. இறங்கின பெண்கள் ஒவ்வொருத்தியும் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நீ பக்கத்தில் இல்லையே என்று எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அடுத்த நிமிஷமே நீ போகும்போது சொன்ன வார்த்தை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

உன் மாமனாருக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தகப்பன் வண்டி மகனுக்குத்தான் என்று பேச வருவீர்கள். தகப்பன் ஓட்டினபோது சக்கரத்துக்குக் கல் போட்டது யார், கொதித்த ரேடியேட்டர் மூடியில் கையைச் சுட்டுக்கொண்டது யார் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். என் வலது கையைக் காட்டுகிறேன், தழும்பு இருக்கிறது. நியாயம் பேசுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. நீ கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். ஒரு நாள் என் எதிரில் உட்கார்ந்து, 'அம்மா, எனக்கு இந்த மலை போதுமுங்க, நான் கீழ போறேன், வண்டியக் குடுங்க' என்று கேட்டிருந்தால், அழுதிருப்பேன், வாய்க்கு வந்தபடி வைதிருப்பேன், சோறு ஆக்காமல் படுத்துக் கிடந்திருப்பேன், அப்புறம் எழுந்து வந்து கொடுத்திருப்பேன். எந்தத் தெர்மோஸ்டாட் மாட்டுவது என்று உன்னோடு சண்டை பிடித்து, கடைசியில் நீ கேட்டதையே என் கையால் மாட்டிக் கொடுத்திருப்பேன். நான் எப்படிப் பிழைப்பேன் என்று யோசித்திருக்கவே மாட்டேன். உனக்கு எதை நான் இல்லை என்றேன்? அது தெரிந்திருந்தும், திருடுகிற மாதிரி எடுத்துப்போக நினைத்தாயே, அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வா. எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வா. கூட வருகிற எல்லோருக்கும் சேர்த்தே உலை வைக்கிறேன். வயிறாரச் சாப்பிடுங்கள். ஆனால் கையைக் கழுவிவிட்டு வந்து சாவியைக் கேட்காதே. இனிமேல் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பெற்ற பிள்ளை கேட்டு, இருக்கிற பொருளை இல்லை என்று சொல்கிறவளாக என்னை ஆக்கிவிட்டாய். மற்றதையெல்லாம் மறந்துவிடுவேன், எனக்கே தெரியும். இதை மட்டும், போதகர் எந்த வசனத்தை எடுத்துக் காட்டினாலும், நான் உன்னை மன்னிக்கப் போவதில்லை.

அம்மா